சகலையின் ஐந்நூறு பங்குகள்

என் சகலைக்கு ஏதாவது நல்லது நடந்துவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இதை நான் பெரிதாக மறைத்ததும் கிடையாது. மறைத்தாலும் என் மூஞ்சி காட்டிக் கொடுத்துவிடும் என்று என் மனைவி சொல்வாள்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார். நான் சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறேன். அவருடைய பெட்டிகளுக்கு லேபிளும், தீபாவளி விலைப்பட்டியலும் என் மெஷினில்தான் ஓடுகின்றன. ஆகவே வருஷம் முழுக்க அவரைப் பார்த்துச் சிரித்தாக வேண்டும். "அண்ணாச்சி, நம்ம லேபிள் ரெடியா?" என்று அவர் வந்து நிற்கும்போது, "உங்களுக்கு இல்லாததா தம்பி" என்று நானும் சொல்வேன். அவர் கார் வாங்கியபோது, இந்த வெயிலுக்குக் கறுப்பு நிறமா என்று கேட்டேன். மாடி எடுத்துக் கட்டியபோது படிக்கட்டு ரொம்பச் செங்குத்து என்றேன். எல்லாவற்றுக்கும் "ஆமா அண்ணாச்சி, அதைக் கவனிக்காம விட்டுட்டேன்" என்பார். மனுஷர் கெட்டவராகவாவது இருந்திருந்தால் நான் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன். அந்த வசதியையும் அவர் எனக்குத் தரவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் இருவரும் சமம். அது மாமனார் கொடுத்த பங்குகள்.

மாமனாருக்கு விருதுநகரில் வத்தல் மண்டி. தராசு பிடித்துப் பழகியவர் என்பதாலோ என்னவோ, இரண்டு மகள்களுக்கும் எதைக் கொடுத்தாலும் இம்மி பிசகாமல் கொடுப்பார். சேலை என்றால் ஒரே விலை. நிறம் வேறாக இருந்து ஒரு தீபாவளிக்குப் பெரிய சண்டை வந்ததற்குப் பிறகு நிறமும் ஒன்றே. சரக்கு அடுக்கி வைக்கிற பழைய கிட்டங்கி ஒன்றை விற்றபோது, பெண்களுக்கு நகை வாங்கிப் போடாமல், மோட்டார் பம்பு செய்கிற ஒரு கம்பெனியின் பங்குகளில் ஆளுக்கு நூறு வாங்கிக் கொடுத்தார். "நகைன்னா டிசைன் சரியில்லம்பீக. இதுல டிசைன் கிடையாது, பேசாம வச்சிருங்க" என்றார். அக்காளும் தங்கையும் பேசாமல் வைத்திருந்தார்கள். பங்கும் பேசாமல் வளர்ந்தது. எங்கள் மகளைக் கல்லூரியில் சேர்க்கும்போது அதை விற்றுக்கொள்ளலாம் என்பது எங்கள் வீட்டில் முடிவான விஷயம். மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள்.

இந்த வருஷம் வெயில் தொடங்குகிற சமயம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. பத்து ரூபாய் முகமதிப்புள்ள ஒவ்வொரு பங்கையும் இரண்டு ரூபாய் முகமதிப்புள்ள ஐந்து பங்குகளாகப் பிரிக்கப் போகிறார்கள் என்று அதில் இருந்தது. என் மனைவி போனை என்னிடம் நீட்டி, "இது என்னன்னு பாருங்க" என்றாள். நான் பார்த்தேன். பத்து, இரண்டாகிறது என்ற இடத்திலேயே என் கண் நின்றுவிட்டது. அதற்குமேல் ஒரு எழுத்துகூட எனக்குத் தேவைப்படவில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டும். பட்டாசுப் பெட்டியின் மேல் அச்சடிக்கிற விலை எங்கள் ஊரில் ஒரு அலங்காரம். பெட்டியில் ஆயிரம் என்று இருக்கும், கடைக்காரர் பெரிய மனது பண்ணித் தள்ளுபடி போட்டு இருநூறுக்குக் கொடுப்பார், வெளியூர்க்காரர் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வாங்கிப் போவார். ஆகவே மேலே போட்ட விலையை ஏற்றுவதற்குத்தான் கம்பெனிக்காரர்கள் என்னிடம் வருவார்கள். யாராவது, "அண்ணாச்சி, அதே லேபிள், விலையை மட்டும் குறைச்சு அடிங்க" என்று வந்தால், அந்தச் சரக்கு கிட்டங்கியில் தேங்கி நமுத்துக் கிடக்கிறது என்று பொருள். இத்தனை வருஷத்தில் இந்தக் கணிப்பு எனக்குத் தப்பியதே இல்லை. அப்படிப்பட்ட நான், ஒரு கம்பெனி தானாக முன்வந்து, பத்து ரூபாய் என்று போட்டிருந்ததை இரண்டு ரூபாய் என்று மாற்றி அடிக்கிறது என்றால் என்ன நினைப்பேன்? சரக்கு நமுத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"வித்துருவோம்" என்றேன்.

"தங்கச்சி விக்கலையே?"

"அவுகளுக்கு என்ன தெரியும்? நான் லேபிள் அடிக்கிறவன். இதெல்லாம் எனக்கு ஒரு பார்வையில தெரிஞ்சிரும்."

விருதுநகரில் பங்கு வாங்கி விற்றுக் கொடுக்கும் ஒரு அலுவலகம் இருக்கிறது. மனைவியை அங்கே கூட்டிப் போனேன். அங்கிருந்த பெண், "ஸ்பிளிட் வருதே சார், இப்பவா விக்கிறீங்க?" என்று கேட்டாள். தெரிந்தவன் சிரிக்கிற சிரிப்பு ஒன்றைச் சிரித்துவைத்தேன். பங்கு ஒன்று நாலாயிரத்துச் சொச்சத்துக்கு விற்றது. பணத்தை மகளின் கல்லூரிக்கென்று மனைவி பெயரில் வங்கியில் டெபாசிட் போட்டோம். திரும்பி வருகிற வழியில், ஆமத்தூர் தாண்டுகிற வரைக்கும் நான் ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். சகலையிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. நமுத்த சரக்கை அவர் கட்டிக்கொண்டு அழுவதைக் கொஞ்ச நாளாவது கண்குளிரப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஆனால் பங்கு ஏறியது. நாலாயிரத்து ஐந்நூறு ஆனது, ஐயாயிரம் ஆனது. எனக்கு அச்சகத்தில் வேலை ஓடவில்லை. கலர் சரியாக விழவில்லை என்று மெஷின் ஆளைத் திட்டினேன். கலர் சரியாகத்தான் விழுந்திருந்தது. கடைசியில் தாங்க முடியாமல், பேப்பர் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அந்த விருதுநகர் அலுவலகத்துக்கே போய் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். விலையைக் குறைத்து அச்சடித்த கம்பெனி எப்படி அம்மா ஏறுகிறது என்று.

அவளுக்கு முதலில் நான் கேட்டதே புரியவில்லை. புரிந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். முகமதிப்பு என்பது கம்பெனியின் மூலதனக் கணக்குக்காக வைத்திருக்கும் ஒரு எண். சந்தையில் விற்கிற விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாள். ஒரு பங்கு ஐந்தாகும்போது சந்தை விலையும் ஐந்தில் ஒரு பங்காகிவிடும்; நூறு வைத்திருந்தவர் கையில் ஐந்நூறு இருக்கும், ஆனால் மொத்த மதிப்பு முந்தின நாள் இருந்ததேதான்.

"அப்ப மதிப்பு கூடவே கூடாதா?" என்று கேட்டேன். எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டிருந்தது.

"பிரிச்சதுனால கூடாது சார்."

"அப்புறம் ஏன் இப்படி ஏறுது?"

"ஐயாயிரம் குடுத்து ஒண்ணு வாங்க யோசிக்கிறவங்க, ஆயிரம்னா வாங்க வருவாங்க. அப்படி நெறயப் பேர் வருவாங்கன்னு நெனச்சு இப்பவே சில பேர் வாங்கிப் போடுறாங்க. அந்த வேகத்துல ஏறுது. கம்பெனிக்கு லாபம் கூடலைன்னா பின்னாடி எறங்கவும் செய்யும்."

அவள் சொன்னதில் எனக்குப் பிடித்தது கடைசி வாக்கியம்தான். அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நான் செய்தது முட்டாள்தனம் என்று தெரிந்துவிட்டது, அது வேறு விஷயம். சகலைக்கு ஒன்று ஐந்தாகிவிடப் போவதில்லை என்பது உறுதியானதில் ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன்.

பங்கைப் பிரித்த சமயத்தில் ஆடி மாதம். குடும்பத்தோடு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தோம். பானை பொங்கி, குலவை போட்டு, இலை விரித்து உட்கார்ந்தபோது சகலையின் மனைவி போனை எடுத்துத் தகப்பனாரிடம் காட்டினாள். "அப்பா, நீங்க குடுத்த நூறு இப்ப ஐநூறு!" மாமனார் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "நான் குடுத்ததா? நான் குடுத்ததா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் பெரிய மகளைப் பார்த்து, "உனக்கும் ஐநூறு ஆயிருக்குமே தாயி" என்றார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்ல? இலையில் சோறு இருக்கும்போது அப்படிப் பார்க்கக் கூடாது.

"நாங்க வித்துட்டோம் மாமா" என்று நானே சொன்னேன். "ஆனா அதுல நட்டம் ஒண்ணும் இல்ல. ஐநூறுன்னு சொல்றாகளே தவிர, கூடல. கிஃப்ட் பாக்ஸை எடுத்துக்கிடுங்க. இருபது ஐட்டம் போடுற பெட்டியில, சாட்டையைக் குட்டையாக்கி, கம்பி மத்தாப்பை ரெண்டா பிரிச்சு முப்பது ஐட்டம்னு லேபிள் அடிக்கிறோம். மருந்து கூடிருச்சா? அதே மருந்துதான? இதுவும் அப்படித்தான்."

இதைவிடத் தெளிவாக இந்த உலகத்தில் யாரும் சொல்லியிருக்க முடியாது. யாரும் கேட்கவில்லை. மாமனார், "சரி மாப்ளே, விடுங்க" என்று என்னை ஆறுதல்படுத்துகிற குரலில் சொன்னார். சகலையின் மனைவி, "அத்தான், வயித்துக்குச் சூடுன்னா மோர் இருக்கு, ஊத்தவா?" என்றாள். சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். நான் சொன்னது அத்தனையும் நிஜம். என் வயிறு எரிந்ததும் நிஜம். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததால் முதலாவதை யாரும் நம்பவில்லை.

அப்போது சகலை குனிந்த தலை நிமிராமல், "அண்ணாச்சி சொல்றது சரிதான் மாமா. எண்ணிக்கைதான் அஞ்சு மடங்கு. மதிப்பு நேத்து இருந்ததேதான்" என்றார்.

உடனே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதுமட்டுமா, எவ்வளவு அடக்கமான பிள்ளை, இன்னொருவன் என்றால் தலைகால் தெரியாமல் ஆடுவான் என்று மாமனார் பூரித்துப் போனார். நான் சொன்னால் வயிற்றெரிச்சல், அதையே அவர் சொன்னால் பெருந்தன்மை. மோரை வாங்கிக் குடித்தேன்.

என் மனைவி மட்டும் ஒன்று கேட்டாள். "மருந்து அதேதான், சரி. ஆனா முப்பது ஐட்டம்னு போட்டாத்தான பெட்டி ஓடுது? நீங்கதான சொல்வீக?" அவள் கேட்டது சரிதான். பங்கு பிரிந்த பிறகும் சில வாரம் ஏறத்தான் செய்தது. ஆயிரத்து நூறு வரைக்கும் போனது. பழைய கணக்கில் அது ஐயாயிரத்து ஐந்நூறு.

சாப்பிட்டு முடித்து இன்னொரு தடவை சாமி கும்பிடப் போனோம். அந்த ஆத்தாளிடம் மழை கேட்பார்கள், பிள்ளை கேட்பார்கள், கண் பார்வை கேட்பார்கள். நான் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நின்று, மோட்டார் பம்புக் கம்பெனியின் பங்கு இறங்க வேண்டும் என்று கேட்டேன். நாங்கள் விற்ற விலைக்குக் கீழே இறங்கினால் போதும், அதற்கு மேல் நான் பேராசைப்படவில்லை.

ஆத்தாள் கேட்டுவிட்டாள். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, கம்பெனியின் லாபம் குறைந்துவிட்டது என்று செய்தி வந்தது. பங்கு சறுக்க ஆரம்பித்தது. எனக்கோ அச்சகத்தில் நிற்க நேரமில்லை. கிஃப்ட் பாக்ஸ் லோடு ஏற்ற வேன்கள் வாசலில் நிற்கும், விலைப்பட்டியல் கேட்டுப் போன் அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு நடுவிலும் போனைத் திறந்து பங்கு விலையைப் பார்த்துவிட்டால் உடம்பில் தெம்பு வந்துவிடும். மெஷின் ஆளுக்குக்கூட டீ வாங்கிக் கொடுத்தேன். மத்தியானம் சாப்பிடப் போகும்போது மனைவியிடம் மறக்காமல் சொல்வேன், "இன்னைக்கும் இறக்கம்தான்." அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "எம்புட்டு?" என்று மட்டும் கேட்பாள். சொல்வேன். அப்படியே உள்ளே போய்விடுவாள். தங்கை என்கிற பாசம், வருத்தம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

சகலை ஒருநாள் லேபிள் எடுக்க வந்தார். "பங்கு இப்படி ஆயிருச்சே தம்பி" என்று விசாரித்தேன். குரலில் துக்கத்தைக் கொண்டுவர ரொம்பச் சிரமப்பட்டேன். "வரும் அண்ணாச்சி, போகும். மாமா குடுத்தது, கெடக்கட்டும்" என்றார். என்னவோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. "மதினி நல்லாருக்காகளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பங்கு எண்ணூறுக்கும் கீழே போன அன்றைக்குத்தான் எனக்குத் தீபாவளி. நாங்கள் விற்ற விலையை ஐந்தால் வகுத்தால் வருவதைவிட அது கீழே. லேபிள் அடிக்கிறவன் கணக்கு கடைசியில் ஜெயித்துவிட்டது. ஒரு வாடிக்கைக்காரரைப் பார்க்கச் சாத்தூர் போயிருந்தவன், அங்கேயே சுடச்சுடக் காரச்சேவு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். பொட்டலத்தை மனைவியின் கையில் கொடுத்து, "உன் தங்கச்சி வீட்டுல இன்னைக்கு ஐநூறையும் எடுத்து எண்ணிப் பாக்கச் சொல்லு" என்றேன்.

அவள் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்கிட்டயும் ஐநூறு இருக்கு" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"ஆடி முடிஞ்சதும் வாங்கினேன். டெபாசிட்ட எடுத்தேன். பத்தல. நகைச்சீட்டுப் பணத்தையும் போட்டேன்."

"என்ன விலைக்கு?"

"ஆயிரத்து நூறு."

நான் உட்கார்ந்தேன். மகளின் கல்லூரிப் பணம் என்று என் வாய் சொன்னது என்று நினைக்கிறேன். "தெரியும்" என்றாள். யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தங்கச்சி வீட்டுக்காரர்தான். அவர் வேண்டாம்னுதான் சொன்னாரு. ஏறிக் கெடக்கு மதினி, எறங்கட்டும், பொறுங்கன்னாரு. நான்தான் கேக்கல. அண்ணாச்சிக்குத் தெரியுமான்னு கேட்டாரு. தெரியும்னு சொல்லிட்டேன்."

"எதுக்குடி? மதிப்பு கூடலைன்னு நான் அம்புட்டுத் தூரம் சொன்னேன்ல?"

"சொன்னீக. எனக்கும் புரிஞ்சது." அவள் முகம் சிவந்துவிட்டது. "எங்கப்பா ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலக் குடுத்தாரு. அவ கையில ஐநூறு இருக்கு, என் கையில ஒண்ணும் இல்ல. கோயில்ல வச்சு அவ எங்கிட்ட இரக்கப்பட்டுப் பேசுறா. எரியுறதுக்கு உங்களுக்கு மட்டுந்தான் வயிறு இருக்கா?"

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. என்னைத் திருத்தப் பார்க்கிறவள் என்றுதான் அவளை நினைத்திருந்தேன். பொறாமையில் அவள் எனக்குச் சளைத்தவள் இல்லை. என்ன, நான் அதை வாயால் செய்தேன், அவள் கையால் செய்துவிட்டாள். தினமும் மத்தியானம் அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே "எம்புட்டு?" என்று கேட்டதும், நான் சந்தோஷமாகச் சொன்னதும் ஞாபகம் வந்தது. கண்ணில் படாமல் எங்காவது எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அவள் அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "திட்டணும்னா திட்டிருங்க" என்றாள். திட்டுகிற தகுதி எனக்கு எங்கே இருக்கிறது?

சகலைக்கு இதில் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் கொடுமை. மாமனார் கொடுத்ததை அவர் தொடவே இல்லை. ஏறிய உயரத்திலிருந்து இறங்கி, ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் ஏறாமலேயே இறங்கிவிட்டோம்.

மகள் மார்ச்சில் பரீட்சை எழுதுவாள். அதற்குப் பிறகு பணம் வேண்டும். இப்போது நஷ்டத்துக்கு விற்பதா, பொறுத்திருப்பதா என்று அந்த விருதுநகர்ப் பெண்ணிடம் போன் பண்ணிக் கேட்டேன். கம்பெனி நல்ல கம்பெனிதான், லாபம் திரும்பினால் விலையும் திரும்பும், எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள். காத்திருக்கிறோம். இப்போதும் அச்சகத்தில் நின்றுகொண்டு ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை போனைத் திறந்து பார்க்கிறேன். முன்பு இறங்க வேண்டும் என்று பார்த்தேன், இப்போது ஏற வேண்டும் என்று பார்க்கிறேன்.

நேற்று கொஞ்சம் ஏறியது. நான் மனைவிக்குச் சொல்லலாம் என்று எண்ணை அழுத்துவதற்குள் சகலை கூப்பிட்டுவிட்டார். "அண்ணாச்சி, பாத்தீகளா? ஏறுது. மதினிகிட்டச் சொல்லுங்க, கவலைப்பட வேண்டாம்னு." அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். அவருடைய ஐந்நூறுக்காக அல்ல, எங்களுடைய ஐந்நூறுக்காக.

"நல்லா ஏறட்டும் தம்பி" என்றேன். மகளை நினைத்துக்கொண்டு மனதாரத்தான் சொன்னேன். போனை வைத்த பிறகுதான், அவருக்கு ஏறாமல் எங்களுக்கு மட்டும் ஏறுவதற்கு ஏதாவது வழி இருக்குமா என்று என் மனம் தேடிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். வழியே இல்லை. எங்களிடம் இருப்பதும் அதே பங்கு.